திருத்தி வாசிக்கவும்

என் தங்கைக்கு வீட்டில் நொட்டை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லாமல் வாங்க மாட்டாள் என்பதால் அம்மா வைத்தது. புதுச்சட்டை தைத்து வந்தால் இடது தோள் இறங்கியிருக்கிறது என்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தை பாடிக் காட்டி எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது வரியை முழுங்கிவிட்டாயே என்று கேட்பாள். அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது. இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு அதையே வேலையாகக் கொடுத்து மாதச் சம்பளமும் தருகிறது ஒரு நாளிதழ். வாரம் ஒருநாள் வரும் கலைப் பக்கத்தில் உள்ளூர் நாடகம், நடனம் எல்லாவற்றுக்கும் விமர்சனம் எழுதுவது அவள்தான். முதலில் வரி விளம்பரப் பிரிவில் இருந்தாள். 'காற்றோட்டமான வீடு வாடகைக்கு' என்று வருவதில் ஒற்றுப்பிழை பார்ப்பது வேலை. அப்போது கலைப் பக்கம் எழுதிவந்த பெரியவர் எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே வாக்கியத்தை வைத்திருந்தார்: 'மிகச் சிறப்பாக அமைந்து பார்வையாளர்களை வெகுவாகக் கவர்ந்தது.' பாதியில் மின்சாரம் போய் நின்றுபோன நாடகத்துக்கும் அதையே எழுதினார். அவர் மகள் வீட்டோடு போய்விட்டபோது, சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கு வேலையில்லை என்று ஆசிரியர் கேட்க, நொட்டை கையைத் தூக்கிவிட்டாள்.

பத்திரிகைக்கு எப்போதும் இரண்டு அனுமதிச் சீட்டு வரும். இரண்டாவது ஆள் நான். மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் முட்டியை நாளெல்லாம் மடக்கி நீட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் நடனத்துக்குப் போனால் எனக்கு முட்டி மட்டும்தான் கண்ணில் படும். நாடகத்துக்குப் போனால் அதுவும் படாது. விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். நொட்டை இதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. நான் எந்தக் காட்சியில் தூங்கினேன் என்று கேட்டு மனதில் குறித்துக்கொள்வாள். அவளுக்கு நான் ஒரு வகையில் தராசு மாதிரி.

அவள் பார்க்கும் விதமே தனி. நடு இருக்கை காலியாக இருந்தாலும் ஓரத்தில்தான் உட்காருவாள். மேடையில் ஒருவர் உருகி உருகி வசனம் பேசும்போது அவரைப் பார்க்க மாட்டாள், எதிரே சும்மா நிற்பவரைப் பார்ப்பாள். ஏன்டி இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "பேசறவங்களைத்தான் எல்லாரும் பாக்கறாங்களே அக்கா. எதிர்ல நிக்கறவங்க நிஜமா கேக்கறாங்களா, இல்ல தன்னோட முறை எப்ப வரும்னு நிக்கறாங்களான்னு பாக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் அவளிடம் எதையாவது சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதனால் வந்த வம்புகள் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு நாடகம் அவரே எழுதி, அவரே இயக்கி, அவரே நாயகனாக நடிப்பார். 'மருத்துவர் வசனம் பேசத் தொடங்கியதும் அரங்கில் இருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்தார்கள், கொட்டாவிக்கு' என்று எழுதிவிட்டாள். அடுத்த மாதமே அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. அவர் கையில் கருவியை வைத்துக்கொண்டு, உங்க சின்னப் பொண்ணு நல்லா இருக்காளா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அம்மாவால் வாயை மூடவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை.

நல்லதும் நடக்காமல் இல்லை. ஒரு நடனப்பள்ளி ஆண்டு விழாவைப் பற்றி, மேடையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் முன்வரிசை விருந்தினர்களுக்காக ஆடினார்கள், கடைசி வரிசை ஓரத்தில் நின்ற ஒரு சிறுமி மட்டும் இசைக்காக ஆடினாள் என்று எழுதினாள். பள்ளி நடத்தும் அம்மா ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆனால் மறு வருடம் அந்தச் சிறுமி முன்வரிசை நடுவில் நின்றாள். அன்று நொட்டை வீடு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

குறை சொல்ல அவளுக்கு வார்த்தை கொட்டும். பாராட்டத்தான் வராது. அது அவள் தப்பு மட்டும் இல்லை, எங்கள் வீட்டு வியாதி.

அப்பா அடிபட்ட கார்களை நிமிர்த்திச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு கதவின் ஒடுக்கை எடுத்து, தேய்த்து, சாயமும் அடித்து முடித்தபிறகு, அவர் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கதவின் நீளவாக்கில் பார்ப்பார். மேலே இருக்கும் குழல்விளக்கின் வெளிச்சம் அதில் நேர்க்கோடாக ஓட வேண்டும். எங்காவது நெளிந்தால் ஒரே வார்த்தை: "தேய்." நெளியாவிட்டால், தலையை நிமிர்த்தி, கொஞ்சம் யோசித்து, "பரவாயில்லை" என்பார். இதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்து நாங்கள் கேட்டதில்லை. எனக்கு வேலை கிடைத்த அன்று பரவாயில்லை. நொட்டையின் பெயர் முதன்முதலில் அச்சில் வந்த அன்று, பக்கத்தை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை. அன்று அவள் சந்தோஷத்தில் சாப்பிடவே இல்லை. பட்டறை ஆட்கள் அந்த ஒரு சொல்லுக்காக, தேய்த்து முடித்த கதவை இன்னொரு தடவை தேய்ப்பார்கள்.

வெளியுலகம் அதே சொல்லை ஆறிப்போன காபிக்கும் உட்கார இடம் கிடைக்காத பேருந்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாளெல்லாம் நாலு மனிதர்களோடு பேசுகிற எனக்கு அது தெரியும். நொட்டைக்குத் தெரிந்த உலகம் மேடை மட்டும்தான். அங்கே யாரும் பரவாயில்லை என்று வசனம் எழுதுவதில்லை போலிருக்கிறது.

எங்கள் மருத்துவமனை வாசலுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அதில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்ணை எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள், அதிகம் பேச மாட்டாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். திடீரென்று ஒருநாள் கடைக் கண்ணாடியில் கையால் எழுதிய சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. 'கூப்பிடும் வரை. ஒருவர் நடிக்கும் நடன நாடகம். இரண்டு சனிக்கிழமைகள்.' யார் நடிக்கிறார்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்து மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, நான்தான் என்றாள். சின்ன வயதில் ஆடிக்கொண்டிருந்தாளாம். வீட்டில் நோய், வேலை என்று விட்டுப்போயிற்றாம். இப்போது ஆசைக்கு ஒருமுறை, சரிவந்தால் மேலே பார்க்கலாம் என்று தொடங்கியிருக்கிறாளாம்.

முதல் சனிக்கிழமை நொட்டையோடு போனேன். பொது நூலகத்து மாடியில் இருக்கும் சிறிய அரங்கு. மின்விசிறி கிறீச்சிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டார்கள், எல்லாரும் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தோம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் மருந்துக்கடை வாடிக்கையாளர்கள். மேடையில் இரண்டு நாற்காலிகள், ஒரு கைப்பை, ஒரு தண்ணீர் பாட்டில். மருத்துவமனைத் தாழ்வாரத்தில், உள்ளே அறுவைச் சிகிச்சையில் இருக்கும் தாய்க்காகக் காத்திருக்கும் ஒரு மகள். அவ்வளவுதான் கதை. வசனம் மிகக் குறைவு. தரையின் கற்களைக் காலால் எண்ணுவதுபோல் தொடங்கி, அது மெல்ல மெல்ல ஆட்டமாக மாறியது. எங்கோ ஒரு கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முதுகு மட்டும் திரும்பும், கால் திரும்பாது. ஒரு கட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வந்து உட்காருவதற்கு இடம் விட்டாள். யாரும் வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, தண்ணீர் வேணுமா என்று கேட்டாள். கடைசியில் உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கேட்கப் பயந்து இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைந்தது.

நான் தூங்கவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் தினம் பத்துத் தடவை நடக்கிறவள் நான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களை ஒருநாளும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

நொட்டை வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. ஒரு நொட்டையும் சொல்லவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

நாலு நாள் உட்கார்ந்து எழுதினாள். பெரிய கட்டுரையாக வளர்ந்தது. பக்கம் முடிக்கும் நாளில் ஆசிரியர், மரச்சாமான் கடையின் பெரிய விளம்பரம் ஒன்று வந்துவிட்டது, நாலு வரிதான் இடம் என்று சொல்லிவிட்டார். அவள் கைபேசியிலேயே வெட்ட ஆரம்பித்தாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, மிகச் சிறப்பு என்று போட்டு முடியேன் என்றேன்.

"அது பெரியவர் எல்லாருக்கும் போட்ட வார்த்தை அக்கா. அருமை, அபாரம், அற்புதம் எல்லாத்தையும் அவர் தேய்ச்சு ஓட்டையாக்கிட்டுப் போயிட்டார். தேயாத வார்த்தை என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

மறுநாள் இப்படி வந்தது: 'மருந்துக்கடையில் பணிபுரியும் பெண் ஒருவர் தானே எழுதி, ஆடி, நடித்த "கூப்பிடும் வரை" சென்ற சனிக்கிழமை நூலக மாடி அரங்கில் நடைபெற்றது. பரவாயில்லை.' வீட்டில் உட்கார்ந்து படித்ததால் நானும் அதை அப்பா குரலில்தான் படித்தேன். தங்கை ஒரு ஆளுக்குக் கிரீடமே வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மருந்துக்கடைக் கண்ணாடியில் சுவரொட்டி இல்லை. பசைநாடா ஒட்டியிருந்த நாலு மூலைத் தடம் மட்டும் இருந்தது. அவள் எப்போதும்போல் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும், இந்தச் சனிக்கிழமையும் உண்டுதானே என்று கேட்டேன்.

"இல்லைங்க, வேண்டாம்னு இருக்கேன். அரங்குக்காரர்கிட்ட நாளைக்குச் சொல்லிடணும். உங்க தங்கச்சி எழுதினதைப் படிச்சேன். அவங்க பொய் எழுத மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "திட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன். பரவாயில்லைன்னா என்ன செய்யறது சொல்லுங்க? நானும் யோசிச்சுப் பார்த்தேன். பரவாயில்லை அளவுதான் போல."

அவளுக்குக் கோபமே இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டாள். அப்போதே அங்கேயே விளக்கம் சொல்லியிருக்கலாம், ஆனால் எங்கள் அப்பா கார்க் கதவைச் சாய்ந்து பார்ப்பார் என்று எந்த இடத்திலிருந்து தொடங்குவது? அதற்குள் பின்னால் மூன்று பேர் சீட்டோடு வந்து நின்றுவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் நொட்டைக்கு முகம் வெளுத்துவிட்டது. "பாராட்டித்தானே எழுதினேன்?" என்று எங்கள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, ஆமாம், நல்லா இருக்குன்னுதானே அர்த்தம், அதில் என்ன தப்பு என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். இந்த மனுஷன் கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்த்துவிட்டுச் சிநேகிதரிடம் பரவாயில்லை என்று சொன்னது என் காதுக்கு வந்து, நான் எத்தனை நாள் கண்ணாடியைப் பார்த்து அழுதேன் தெரியுமா என்று கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். அப்பாவுக்குப் புரை ஏறியது. அத்தனை வருடமும் அவருக்கு அது தெரியாது.

"இந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிய எனக்கு ரெண்டு வருஷம் குடித்தனம் பண்ண வேண்டியிருந்தது. அந்தப் பொண்ணுக்குச் சனிக்கிழமை வரைக்கும்தான்டி இருக்கு. போய் நேர்ல சொல்லு" என்றாள் அம்மா நொட்டையிடம்.

மறுநாள் காலை நொட்டை போனாள். எழுதச் சொன்னால் யாருக்கும் பயப்படாதவள், வரிசையில் நின்று, தன் முறை வந்து, அந்தப் பெண் என்ன வேணும் என்று கேட்டதும், தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். நான் மருத்துவமனை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த ஆத்திரத்துக்கு அந்த மாத்திரையை நானே போட்டுக்கொண்டேன். அவள் கண் கலங்கியிருந்தது. வாயில வரலை அக்கா, எழுதினாத்தான் வரும் என்றாள். சரி, அப்ப எழுது, போ என்று தள்ளிவிட்டேன்.

பத்திரிகை அலுவலகத்தில் நடந்ததை அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு விமர்சனம் போட முடியாது என்று ஆசிரியர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் தினம் இரண்டாம் பக்கத்தின் அடியில் வரும் திருத்தப் பெட்டியிலாவது போடுங்கள் என்றாளாம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அது பெயர், வயது, தேதி தப்பாக வந்தால் போடுவது, கருத்துக்கெல்லாம் திருத்தம் போட்டால் நாளைக்குப் பல் டாக்டர் வாசலில் வந்து நிற்பார் என்றாராம். "இது கருத்துப் பிழை இல்ல சார், சொற்பிழை" என்றிருக்கிறாள். சொற்பிழை என்றால் ஆசிரியருக்குத் தூக்கம் வராது. மூன்று வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமைக் காலை இரண்டாம் பக்கத்தில், ஒரு பள்ளியின் தேதி மாறி வந்ததற்கான திருத்தத்துக்குக் கீழே, இது இருந்தது:

'"கூப்பிடும் வரை" பற்றிய நமது விமர்சனத்தில் "பரவாயில்லை" என்ற சொல், அதை எழுதியவரின் வீட்டில் மட்டும் வழங்கும் பொருளில், தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. அதனை, "அந்த நாற்காலி காலி என்பதை மறந்து, அதில் இருந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க நான் எழுந்துவிடப் பார்த்தேன், நான் மேடையில் கண்டவற்றில் இதுவே சிறந்தது" என்று திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்.'

நான் அதை நின்றுகொண்டே படித்தேன். இவளுக்கு இப்படியும் எழுத வருமா என்று இன்னொரு தடவை படித்தேன். ஆனால் திருத்தப் பெட்டியை யார் படிக்கிறார்கள்? அந்தப் பெண் படித்தாளா, அரங்குக்காரரிடம் ஏற்கனவே சொல்லிவிட்டாளா, எதுவும் தெரியாது. அன்று எனக்கு விடுமுறை. மருந்துக்கடைக்குத் தொலைபேசி செய்து கேட்கலாம் என்றால் நொட்டை விடவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாள், நேரே போய்ப் பார்த்துவிடலாம் என்றாள்.

சாயங்காலம் கிளம்பும்போது அம்மா அப்பாவையும் சட்டை மாற்றச் சொன்னாள். நாடகம் பக்கமே போகாத மனிதர், நான் எதுக்கு என்று இழுத்தார். வார்த்தைக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானே, வந்து பாருங்கள் என்று அம்மா கதவைப் பூட்டினாள்.

நூலக வாசலில் அந்தச் சுவரொட்டி இருந்தது. கடையில் கிழித்த அதே சுவரொட்டிதான், மூலைகள் பிய்ந்து, புதுப் பசைநாடாவோடு. நொட்டை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. மாடியில் உட்கார இடமில்லை. திருத்தப் பெட்டியைத்தான் ஊரே முதலில் படிக்கும் போலிருக்கிறது. ஆசிரியர் பின்சுவரில் சாய்ந்து நின்றார். பல் மருத்துவர் இரண்டாம் வரிசையில் இருந்தார். இந்த முறை கிறீச்சிட்டாலும் பரவாயில்லை என்று மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். அந்தக் கிறீச் சத்தம் மருத்துவமனைத் தாழ்வாரத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

அவள் ஆடினாள். போன வாரத்தைவிடப் பயமில்லாமல் ஆடினாள். பல் மருத்துவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் எங்காவது நெளிகிறதா என்று கடைசிவரை பார்த்தார்.

முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் கலைந்தபிறகு நாங்கள் மேடைக்குப் பின்னால் போனோம். நூலகத்தின் பழைய இதழ்கள் அடுக்கிய அறை அது. அவள் அங்கே ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து கால் சலங்கையே இல்லாத கணுக்காலைப் பிசைந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். நொட்டைக்கு மறுபடியும் வாய் ஒட்டிக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் பெண் சங்கடம் தீர அப்பா பக்கம் திரும்பினாள்.

"எப்படிங்கய்யா இருந்துச்சு?"

அம்மா அப்பாவின் முழங்கையைக் கிள்ளினாள். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று நொட்டை கண்ணாலேயே கெஞ்சினாள். அப்பாவும் பாவம், முயன்றுதான் பார்த்தார். உதட்டை இரண்டு மூன்று தடவை அசைத்தார். கடைசியில் தலையை நிமிர்த்தி, கொஞ்சம் யோசித்து, தழுதழுத்த குரலில் சொன்னார்.

"பரவாயில்லைம்மா."

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது, கண்ணில் தண்ணீரும் முட்டிக்கொண்டு வந்தது. ஓரெட்டு முன்னால் வந்து நொட்டையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"திருத்தி வாசிச்சுக்கிட்டேன்ய்யா."